நான்கு மணி நேரம் இடைவெளியின்றி வேண்டும்

கருவி நேர ஒதுக்கீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். அணுக்காந்த ஒத்ததிர்வு (NMR) கருவியில் எந்த அளவீடும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்ற புதிய விதி ஏன் வந்தது என்பதை அறிவேன். காத்திருப்போர் பலர் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் மூலக்கூறுகள் கரைசலில் எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்று காணும் விரவல் அளவீடுகளுக்கு வாரம் ஒருமுறையேனும் நான்கு மணி நேரத்தைத் தொடர்ச்சியாக ஒதுக்குமாறு கேட்டே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறேன்.

சென்ற வாரம் நான் வைத்தது மூன்று மாத உழைப்பில் கிடைத்த சில மில்லிகிராம் ரொட்டாக்ஸேன்: இரு முனையும் அடைக்கப்பட்ட அச்சு மூலக்கூறில் வளைய மூலக்கூறு கோக்கப்பட்ட அமைப்பு. வளையம் அச்சில் கோக்கப்பட்டிருந்தால் இரண்டின் சைகைகளும் ஒரே விரவல் குணகத்தை, அதாவது பரவும் வேகத்தின் ஒரே அளவைத் தரும். தனித்தனியே உலவினால் சிறியது வேகமாக விரவும். வெப்பநிலை நிலைபெறவே இருபது நிமிடங்கள் ஆயின. காந்தப்புலச் சரிவைப் படிப்படியாக வலுவாக்கி அளக்கும் பதினாறு படிகளில் ஏழாவது முடிந்தபோது நேரம் தீர்ந்து அளவீடு தானாக நின்றது. வலிமை குறைந்த சரிவுகளில் சைகை சற்றே தேய்ந்திருக்கும்; குணகத்தைத் தருவது அந்தத் தேய்வுதான். அந்த ஏழு புள்ளிகளில் எந்த வளைகோட்டையும் பொருத்திவிடலாம், எதையும் நம்ப முடியாது. மீதியை மறுநாள் எடுத்துக்கொள்ளுமாறு சொன்னார்கள். வெப்பநிலை சிறிது மாறினாலே கரைப்பானின் பாகுத்தன்மையும் குணகமும் மாறிவிடும்போது, இரண்டு நாள் அளவுகளை எப்படி ஒட்டுவது?

குளோரோஃபார்மில் வெப்பச்சலனம் எழுந்து விரவலை மிகைப்படுத்திக் காட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதை ஈடுசெய்யும் இரட்டை எதிரொலித் துடிப்புவரிசை (ரேடியோ அலைத் துடிப்புகளின் தொடர்) சைகையில் மேலும் பாதியை இழக்கிறது. அதே தெளிவைப் பெற நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஒரே அளவீடும் போதாது. முனை அடைப்பில்லாமல் வலுவாகப் பிணைந்த வளைய-அச்சு இணையும் சேர்ந்தே நகரக்கூடும் என்பதால், கரைசலை நீர்த்து மறுபடி அளந்து, அப்போதும் பிரியவில்லை என்று காட்டினால்தான் வளையம் கோக்கப்பட்டிருப்பது உறுதிப்படும். மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைநிறமாலை மட்டும் இதைச் சொல்லாது; வெறுமனே ஒட்டிக்கொண்ட இணையும் அதே நிறையைக் காட்டக்கூடும்.

ஸ்டெய்ஸ்கல், டானர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் வகுத்துத் தந்த விரவல் அளவீட்டு முறை இது. ரொட்டாக்ஸேன் போன்ற மூலக்கூறு எந்திரங்களுக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அத்தகைய மூலக்கூறு உண்மையிலேயே கோக்கப்பட்டதா என்று சோதிக்கும் அளவீட்டை ஆடம்பரமாகக் கருதுவது எனக்கு வேதனை தருகிறது. அரைகுறைத் தரவை வெளியிட என் மனம் ஒப்பவில்லை. மாணவர்களையும் அதற்குப் பழக்க மாட்டேன்.

இரவு நேரமானாலும் விடுமுறை நாளானாலும் சரி, அந்த நான்கு மணி நேரத்தை இடையில் நிறுத்தாமல் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நீர்த்த மாதிரி குளிர்பெட்டியில் காத்திருக்கிறது.

இப்படிக்கு,
கருவியைப் பயன்படுத்தும் ஆய்வாளர் ஒருவர்