ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறவேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

உப்புவெளியில் மாற்றுத்திறனாளி இளைஞருக்காக நாம் கட்டிவரும் பயிற்சி இல்லத்தின் சுவர்கள் எழுந்துவிட்டன. கூரை இல்லை. வாங்கிய மரங்கள் தறப்பாளின் கீழ் அடுக்கியபடி கிடக்கின்றன. ஐப்பசியில் மாரி பிடித்துவிட்டால் தை வரை தச்சர் மேலே ஏறமாட்டார். ஆகவே புரட்டாதி முடிவதற்குள் பணம் வந்து சேரவேண்டும்.

இந்த இல்லம் யாருக்கு என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். விசேட கல்வி அலகில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உள்ளவரை சீருடை உண்டு, ஆசிரியை உண்டு, காலையில் புறப்பட ஓர் இடம் உண்டு. பதினெட்டு வயதளவில் அது முடிகிறது. பிறகு வீட்டு விறாந்தைதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இவர்களுக்கு வேலை வழங்குவதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் வேலைக்குப் போய்வரப் பழக்கிவிடுவது யார்? "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?" என்று அறுபது கடந்த தாய்மார் எங்களிடம் கேட்கிறார்கள்.

இரவல் மண்டபத்தில் இப்போது நடக்கும் வகுப்பில் தையல், வெதுப்பல், காசு எண்ணுதல், தனியே பஸ் ஏறுதல் ஆகியவற்றைப் பழக்குகிறோம். சென்ற மாதம் 23 வயது இளைஞர் ஒருவர் நிலாவெளி பஸ்ஸில் தாமே டிக்கெட் எடுத்தார். ஆசிரியை பின் இருக்கையில் வாய் திறக்காமல் இருந்தார். மிச்சக்காசை உள்ளங்கையில் பரப்பி இரண்டு தரம் எண்ணிவிட்டு, "இருபது ரூபாய் குறைகிறது ஐயா" என்றார் அந்த இளைஞர். நடத்துநருக்குக் கொஞ்சம் சங்கடம், எங்களுக்கோ கொண்டாட்டம்.

ஈகை இந்த ஊருக்குப் புதிதல்ல. போர்த்துக்கேயர் இடித்த பாடல் பெற்ற தலமான கோணேசர் கோயில் நம்முடையது. 1950இல் கிணறு வெட்டிய இடத்தில் விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1963இல் கோயில் மீண்டும் கும்பாபிஷேகம் கண்டது. அந்நாளில் சிறுவராயிருந்த எங்கள் குழுவின் மூத்தவர் கூட்டந்தோறும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு. அப்படிக் கோயில் எழுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு கூரை போட நம்மால் ஆகாதா?

மதிப்பீடு 48 லட்சம் ரூபாய். சேர்ந்தது 31 லட்சத்து 40 ஆயிரம். குறைவது 16 லட்சத்து 60 ஆயிரம். அதில் கூரைக்கு 7 லட்சத்து 20 ஆயிரம், சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கும் மலசலகூடத்துக்கும் 3 லட்சத்து 40 ஆயிரம், தையல் இயந்திரங்களுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். மூதூர், கிண்ணியாப் பிள்ளைகளை ஏற்றிவரும் வானுக்கு ஆறு மாத வாடகை 3 லட்சத்து 90 ஆயிரம்.

இதுவரை தந்தோரை மறக்கமுடியாது. காணியை மனமுவந்து எழுதித்தந்த குடும்பத்தாருக்கும், ஒரு நாள் மீன் விற்ற காசை அப்படியே கொண்டுவந்த திருக்கடலூர்த் தொழிலாளருக்கும், கேட்காமலே சீமெந்து இறக்கிய கிண்ணியா வர்த்தகருக்கும், ஞாயிறு காணிக்கையில் பங்கு ஒதுக்கிய ஆலயச் சபையாருக்கும், சம்பளம் வாங்காமல் அத்திவாரம் கட்டிய மேசன்மாருக்கும், லண்டனிலும் டொரன்டோவிலும் சீட்டுப் பிடித்து அனுப்பிய உறவுகளுக்கும் எங்கள் நன்றி. தன் காதுத் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன பாட்டி எங்கிருந்தாலும் அம்மன் காக்கட்டும்.

சென்ற கூட்டத்தில் பணம் தருவதாகக் கையெழுத்திட்டு இன்னும் தராதவர்களின் பட்டியலும் எங்களிடம் உண்டு. அதை வாசிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. திருவிழா ஒலிபெருக்கிக்கு ஆகும் செலவைப் பற்றியும் நாங்கள் பேசப்போவதில்லை.

ஆயிரம் ரூபாயும் உதவும், ஒரு கூரைத் தகடும் உதவும். பொருளாளரிடம் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டில்லாமல் யாரிடமும் பணம் கொடுக்கவேண்டாம். வரவு செலவுக் கணக்கு தைப்பூசத்தன்று இல்லத்தில் வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
கட்டடக் குழுவினர்,
உப்புவெளி, திருகோணமலை.