தெரிந்த சொல்லைச் சந்தேகப்படு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதங்களை மொழிபெயர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். எந்த அகராதி வேண்டும் என்று கேட்டாய். அதற்கு முன் ஒன்று. அந்தக் கால ஆங்கிலத்தில் நம் காலை வாருவது தெரியாத சொல் அல்ல. ‘ஓவர்மாரோ’ என்று வந்தால் நீயே அகராதியைப் புரட்டுவாய், ‘நாளை மறுநாள்’ என்று போட்டிருக்கும், அவ்வளவுதான். தெரிந்த முகத்தோடு வரும் சொல்லிடம்தான் ஏமாறுவோம்.

உன் பாஸ்போர்ட்டைத் திறந்து பார். குடியரசுத் தலைவர் பெயரால் உள்ள வேண்டுகோளில் ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ என்று இருக்கும். லெட் என்றால் அனுமதி என்று எடுத்துக்கொண்டால் ‘அனுமதியோ தடையோ இல்லாமல்’ என்று அபத்தமாகிவிடும். இங்கே லெட் என்றாலே தடைதான். ஆதியில் விடுவதற்கு ஒரு வினை, தடுப்பதற்கு வேறொரு வினை. நாளடைவில் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. ஒரே சொல் விடவும் தடுக்கவும் செய்தால் எப்படி? தடுக்கும் லெட் பேச்சிலிருந்து நழுவி, இப்படிச் சட்ட வாசகங்களிலும் டென்னிஸ் ஆட்டத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘பிரிவென்ட்’ இன்னும் மோசம். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், 119-ஆம் சங்கீதத்தில், ஒருவர் விடியலை பிரிவென்ட் செய்கிறார். தடுக்கவில்லை, விடியும் முன்பே எழுந்து மன்றாடுகிறார். அங்கே அதற்கு முந்துதல் என்று பொருள். ‘சஃபர்’ பல இடங்களில் ‘துன்பப்படு’ அல்ல, ‘விடு, அனுமதி’. ‘வேர்ஃபோர்’ என்றால் ஏன், எங்கே அல்ல. ‘மீட்’ இறைச்சிதான் என்றில்லை, எந்த உணவாகவும் இருக்கலாம். ‘சில்லி’ பாக்கியவானாகத் தொடங்கி, அப்பாவியாகி, கடைசியில் அசடாயிற்று. நம் ‘நாற்றம்’ மணத்திலிருந்து இறங்கி வந்ததுபோல.

அகராதிக்கு வருகிறேன். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பெரிய ஆக்ஸ்ஃபோர்டுதான் உனக்கு வேண்டும். கைக்கு அடக்கமான அகராதிகள் பெரும்பாலும் இன்றைய பொருளை முதலில் தரும், இது பழையதிலிருந்து தொடங்கும். வழக்கொழிந்ததற்கு அடையாளம் சிறு குத்துவாள் குறி (†). தலைச்சொல்லுக்கு முன் இருந்தால் சொல்லே போய்விட்டது, ஒரு பொருளுக்கு முன் இருந்தால் அந்தப் பொருள் மட்டும் போயிற்று. மேற்கோள்களின் ஆண்டுகளைப் பார். உன் கடிதத்தின் ஆண்டை ஒட்டி வரும் பொருளை வாக்கியத்தில் வைத்துப் படி. பொருந்தாவிட்டால் அடுத்ததற்குப் போ.

சாமுவேல் ஜான்சன் தொகுத்த 1755 ஆங்கில அகராதியும் உதவும், ஆனால் அவர் மேற்கோளுக்கு ஆண்டு தருவதில்லை. ‘ஐ’, ‘ஜே’ இரண்டையும் ஒரே எழுத்தாக வரிசைப்படுத்தியிருப்பார், ‘யூ’, ‘வி’ அப்படியே. சொல்லைக் காணோம் என்று மூடிவிடாதே. சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் நீண்ட ‘எஸ்’ பார்வைக்கு ‘எஃப்’ போலவே இருக்கும். ஸ்கேன் பிரதியில் தேடும்போது ‘எஃப்’ போட்டும் ஒருமுறை தேடு.

‘தௌ’ வந்தால் மரியாதை என்று நினைக்காதே. அது ‘நீ’, ‘யூ’தான் ‘நீங்கள்’. பிரார்த்தனையில் கேட்டுக் கேட்டு தௌ உயர்ந்ததாகத் தோன்றுகிறது, நாமும் கடவுளை நீ என்றுதானே கூப்பிடுகிறோம்? வேலைக்காரரிடம், குழந்தையிடம், நெருங்கியவரிடம் தௌ. ஒரே கடிதத்தில் யூ திடீரென்று தௌ ஆனால் கோபமோ கொஞ்சலோ புகுந்திருக்கிறது. அதைத் தமிழில் விட்டுவிடாதே.

முதல் கடிதம் முடிந்ததும் மூலத்தோடு அனுப்பு. தௌ வரும் இடங்களைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா