கோடு ஏறும்போது எதைப் பார்ப்பது

அன்புள்ள மகளுக்கு,

வாராந்திரக் காய்ச்சல் அறிக்கை இனி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். நல்ல வேலை, பொறுமையாகச் செய். உன் மேசைக்கு வருவது, நோய்வாய்ப்பட்டு, வைத்தியம் பார்க்க வந்து, பதிவேட்டிலும் ஏறியவர்களின் கணக்குதான். இந்த மூன்றில் எது மாறினாலும் வரைபடத்தின் கோடு ஆடும். அதனால் ஏற்றமோ இறக்கமோ, முதல் சந்தேகம் பதிவின் மேல் வரட்டும். நோயின் மேல் அப்புறம்.

விடுமுறை வாரத்தையே எடுத்துக்கொள். போன வாரம் 2000 வெளிநோயாளிகளில் 120 பேருக்குக் காய்ச்சல். இந்த வாரம் 1200 பேரில் 96. எண்ணிக்கை குறைந்திருக்கிறது, விகிதமோ 6 சதவீதத்திலிருந்து 8 ஆகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடு. விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. மற்ற நோயாளிகள் வராமல் நின்றுவிட்டால் காய்ச்சல் விகிதம் தானாக உயரும். நாள் கணக்கில் பார்த்தால் திங்கட்கிழமைக் கூட்டமே தொற்று போலத் தெரியும். ஏழு நாள் சராசரி எடு, இல்லை வாரமாகவே பார்.

ரொம்பப் பேர் சறுக்குவது கடைசி இரண்டு வாரங்களில். தகவல் தாமதமாக வருவதால் கோட்டின் நுனி எப்போதும் கீழே வளைந்தே இருக்கும். அதைப் பார்த்து "நோய் தணிகிறது" என்று எழுதிவிடுவார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வாரமும் கோப்பைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்து வை, பழையதன் மேல் எழுதாதே. சில மாதம் கழித்து, முதல் வாரத்தில் தெரிந்தது இறுதிக் கணக்கில் எத்தனை பங்கு என்று பார். வழக்கமாக 60 சதவீதம் என்றால், இன்று தெரியும் 90 உண்மையில் 150ஐ ஒட்டி இருக்கும். எத்தனை சுகாதார நிலையங்கள் அறிக்கை அனுப்பின என்பதையும் வரைபடத்துக்குக் கீழே எழுது. வெற்றுக் கட்டத்தைப் பூஜ்ஜியமாக எண்ணுகிற மென்பொருள் உண்டு. அனுப்பாத நிலையம் நோயே இல்லாத நிலையமாகிவிடும்.

"வழக்கத்தைவிட அதிகம்" என்று சொல்ல, வழக்கம் என்னவென்று தெரிய வேண்டும். ஐந்து ஆண்டுகளின் அதே வாரம், அதற்கு முன்வாரம், பின்வாரம் என 15 எண்கள் எடு. ஏறுவரிசையில் அடுக்கினால் எட்டாவது எண் இடைநிலை, அதாவது நடு எண்; பன்னிரண்டாவது மேல் எல்லை. அந்த எல்லையை இரண்டு வாரம் தொடர்ந்து தாண்டினால் பேசலாம். 2020, 2021 இரண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. அப்போது மக்கள் மருத்துவமனைப் பக்கம் வரவே தயங்கினார்கள், ஃபுளூவும் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. திங்களில் தொடங்கும் சர்வதேச (ISO) வாரக் கணக்கில் 2026க்கு 53 வாரங்கள் இருப்பதையும் மறந்துவிடாதே, வாரங்கள் ஒன்று தள்ளிப்போய்விடும். சின்ன நிலையத்தில் 2 பேர் 4 ஆனால் அதை "இரட்டிப்பு" என்று எழுதிப் பீதியைக் கிளப்பாதே.

வரையறையையும் ஒருமுறை சரிபார். ஃபுளூ போன்ற நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, அளந்து பார்த்த 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி பத்து நாளுக்குள். ஒரு நிலையம் இப்படியும் இன்னொன்று எல்லாக் காய்ச்சலையும் எண்ணினால் கூட்டிப் பயனில்லை. நோய்க் குறியீடு அல்லது மென்பொருள் மாறிய தேதியில் வரைபடத்தில் நெடுக ஒரு கோடு போடு.

வயதுவாரியாகப் பிரிக்காமல் எதையும் அனுப்பாதே. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் மட்டும் ஏறினால் சின்னக் குழந்தைகளின் மூச்சுப் பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸா என்று ஆய்வகத்தைக் கேள். எத்தனை மாதிரி சோதித்தார்கள், அதில் எத்தனை பாசிட்டிவ் என்று இரண்டையும் வாங்கு. சோதனையைக் கூட்டினாலே பாசிட்டிவ் எண்ணிக்கை கூடும். விகிதமும் சேர்ந்து ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த அறிக்கையை அனுப்பும்முன் கோப்பை எனக்கும் போடு, கணக்கு இன்னும் முழுதாக வராத கடைசி இரண்டு வாரத்தைப் புள்ளிக் கோடாகப் போட்டிருக்கிறாயா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா