குழந்தையின் எடைக்குத் தாய் மட்டுமா பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனைப் பக்கம் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், "பிள்ளைக்கு எடை காணாதாம், இவள் ஒழுங்காகச் சாப்பிடுறதில்லை" என்ற பேச்சு காதில் விழும். கேட்கவே மனம் நோகிறது.

பிள்ளைக்கு உணவும் ஒட்சிசனும் கொடுக்கும் சூல்வித்தகத்தில் தந்தையின் மரபணுக்களும் வேலை செய்கின்றன. வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 மரபணு அங்கே தந்தைவழிப் பிரதியிலிருந்துதான் இயங்குகிறது. தாய்வழிப் பிரதி அடங்கியே கிடக்கிறது. இரண்டிலும் டி.என்.ஏ. எழுத்துகள் ஒன்றாகவே இருந்தாலும், மேலே ஒட்டியிருக்கும் மெதைல் என்ற சிறு இரசாயனக் குறிகள் வேறுபடுவதே இதற்குக் காரணம். கர்ப்பிணியின் உடலில் சிகரெட் புகை சேரும்போது சூல்வித்தகத்தில் இக்குறிகள் பல இடங்களில் மாறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அடுத்தவர் விடும் புகையும் பிறப்பு எடையைக் குறைக்கும்.

சரி, ஒற்றை அறை வீட்டில் கணவர் புகைத்தால் அவள் எங்கே போவாள்? அவளுக்கென்று கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவை வீடே பங்குபோட்டால் என்ன மிஞ்சும்?

கிளினிக்கில் ஒரு நாளாவது கணவரையும் மாமியாரையும் அழைத்து, இதைத் தமிழில் விளக்கச் சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகி,
கொழும்பு 13