குடமுருட்டிப் பாலத்தில் வண்டியை நிறுத்திய அண்ணனுக்கு

2021 மே மாதம், முழு ஊரடங்கில் பஸ் ஓடாத நாட்கள். தஞ்சாவூரில் கொரோனா ஐசியூவில் நைட் டியூட்டி முடித்து, திருவையாறு போக வழியில்லாமல் ரோட்டோரம் நின்ற நர்ஸ் நான்தான் அண்ணே. காலி பால் கேன்களோடு வந்த நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். "நான் கொரோனா வார்டு, பரவாயில்லையா?" என்று கேட்டேன், ஏனென்றால் அப்போது எங்கள் தெருவிலேயே என்னைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். "ஏறும்மா" என்றீர்கள், அவ்வளவுதான்.

அன்று இரவு நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. ஆக்சிஜன் அளவு ஏறட்டும் என்று குப்புறப் படுக்க வைத்திருந்த ஒருவர், என் அப்பா வயதுதான், மகளைப் பார்க்க வேண்டும் என்று சைகை காட்டினார், இரண்டு கையுறை போட்ட கையால் வீடியோ காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், விடியும் முன் போய்விட்டார். கவச உடைக்குள் அழவும் முடியாது. கண்ணாடி மங்கிவிடும், அடுத்த படுக்கைக்கு ஊசி போட வேண்டும்.

வெண்ணாறு, வெட்டாறு தாண்டும்வரை தாங்கினேன். குடமுருட்டி வந்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன். நீங்கள் ஒன்றும் கேட்காமல் பாலத்து ஓரம் நிறுத்தி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கிக் காய்ந்த மணலைப் பார்த்தபடி நின்றீர்கள். அப்புறம் "ஜூன்ல மேட்டூர் திறந்தா தண்ணி வந்துரும்மா" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஜூன் 12 திறந்தார்கள். தண்ணீர் வந்த அன்று அதே பாலத்தில் நின்று உங்களைத்தான் நினைத்தேன். எத்தனையோ பேர் எங்களைத் தெய்வம் என்றார்கள், நிம்மதியாக அழ விட்டவர் நீங்கள் ஒருவர்தான். பெயர்கூடக் கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ரொம்ப நன்றி அண்ணே. உங்கள் பாட்டில் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.