மைக்கை வாயோரம் வை

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ மைக்கில் பேசியே தட்டச்சு செய்து அனுப்பின அறிக்கையின் நாலு பக்கமும் படித்தேன். பெங்களூரா மாங்காயெல்லாம் பெங்களூரு ஆகிவிட்டது. போச்சம்பள்ளி என்ற ஊர்ப்பெயர் இரண்டாக உடைந்து கிடக்கிறது. சாஃப்ட்வேரைத் திட்டுவதற்கு முன்னால் மைக்கைப் பார்.

ஹெட்செட் மைக் உதட்டுக்கு நேரே இருக்கக் கூடாது. வாயின் ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி நிற்கட்டும். நேரே இருந்தால் 'ப' சொல்லும்போது கிளம்புகிற காற்று டொப்பென்று மோதி, அடுத்த எழுத்தையும் விழுங்கும். அதற்காக எட்டவும் தள்ளிவிடாதே. தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும், ஃபேன் சத்தமோ அப்படியே இருக்கும்.

பாட்டுக் கேட்கிற புளூடூத் இயர்போன் வேண்டாம். மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் அது போன் பேசுகிற முறைக்கு மாறும். பழைய வகையாக இருந்தால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியே போய்விடும். ச, ஸ, ஷ வித்தியாசத்தைக் காட்டுகிற ஒலியில் நிறைய அங்கேதான் இருக்கிறது. யூஎஸ்பி ஒயர் ஹெட்செட் போதும். நீ சத்தமாகப் பேசும்போது பதிவு மீட்டரில் அளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கணும். 0 தொட்டால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும், பிறகு எதைக் குறைத்தாலும் திரும்பாது. பேசாமல் மூன்று நொடி, பேசி ஏழு நொடி பதிவு பண்ணிக் கேள். உர்ரென்ற இரைச்சல் இருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பார்.

உன் பெரிய தப்பு வேறு. பிழை வந்ததும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, கத்திச் சொல்கிறாய். அங்கேதான் இன்னும் கெடுகிறது. நம் பேச்சில் ர, ற இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். 'கரை'யா 'கறை'யா என்பதை அக்கம்பக்கச் சொல்லை வைத்துத்தான் சாஃப்ட்வேர் முடிவு செய்யும். தனியாகக் 'கரை' என்றால் என்ன செய்யும், பாவம்? 'ஏரிக்கரை ஓரமாக நாலு ஏக்கர் மாந்தோப்பு' என்று ஒரே மூச்சில், வழக்கமான வேகத்தில் சொல். தப்பு விழுந்தால் அந்த ஒரு சொல்லை இல்லை, முழுத்தொடரையும் திரும்பச் சொல். மைக் பட்டனை அழுத்தின உடனே பேசாமல் அரை நொடி பொறு. இல்லாவிட்டால் முதல் எழுத்து போய்விடும். 'மாங்கூழ்' என்பதில் ழகரம் தெளிவாக வரட்டும். வாக்கியக் கடைசியில் 'கிறது, கிறார்கள்' எல்லாம் வாய்க்குள்ளேயே போகிறது, அதையும் கவனி.

'சொல்லிக்கினு' என்று நம்ம ஊர் மாதிரி பேசினால் தடுமாறும். அறிக்கைக்கு 'சொல்லிக்கொண்டு' என்றே பேசு. விவசாயி சொன்னதை அப்படியே எடுக்கணும் என்றால் அந்த வரிகளைக் கையால் அடித்துவிடு.

பெங்களூரு என்று ஊரும் வருவதால் எல்லாவற்றையும் மொத்தமாகப் பெங்களூரா என்று மாற்றிவிடாதே. அந்த மாங்காயை அதன் இன்னொரு பெயரான கிளிமூக்கு என்றே பேசு, கடைசியில் தேடி ஒரே தடவையில் மாற்றிக்கொள்ளலாம். தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை போன்ற பெயர்களை ஒருமுறை கையால் அடித்து கீபோர்டின் சொந்த அகராதியில் சேர்த்து வை.

அடுத்த பக்கத்தை அனுப்பும்போது அதன் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பு. எந்த இடத்தில் போகிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா