கூரை முதலில், வண்ணம் கடைசியில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நகரின் நடுப்பகுதியில் நலிந்துபோன பழைய குடியிருப்புகளுக்குப் புத்துயிர் ஊட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையைவிட அதோடு வந்த இரண்டு படங்களைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘முன்பு’ என்ற படத்தில், காரை பெயர்ந்த வாசலில் வயதான பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ‘பின்பு’ படத்தில் அதே வாசல், புது வண்ணம், இரண்டு பூந்தொட்டிகள். அந்த அம்மாவைக் காணவில்லை. எங்கே போனார் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலையில் இருப்பவன் நான். இந்த வீடுகள் பாழாவதற்கு ‘உரிமையாளர்களின் அலட்சியம்’தான் காரணம் என்று கட்டுரையாளர் ஒரே வீச்சில் முடித்துவிட்டார். அலட்சியத்தால் பாழான வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை கொஞ்சம்தான்.

கூரையில் ஒரு ஓடு நழுவுவதில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. தண்ணீர் நேராக அறைக்குள் சொட்டினால் நல்லது, கீழே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அநேகமாக அப்படிச் சொட்டுவதில்லை. கூரையைத் தாங்கும் மரச்சட்டத்தின் மேலேயே ஓடிப்போய்ச் சுவருக்குள் இறங்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள் ஒரு சாண் ஆழம் புதைந்திருக்கும். அங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. வெளியே தெரிகிற மரம் திடமாக இருக்கும், அதை நம்பக் கூடாது. சுவரை ஒட்டித் திருப்புளியை வைத்து அழுத்திப் பார்ப்போம். நல்ல மரமென்றால் நுனியோடு நிற்கும். உளுத்ததென்றால் கைப்பிடிவரை போய்விடும். சமீபத்தில் ஒரு வீட்டில் அப்படி அழுத்தி இழுத்தபோது வந்தது மரமில்லை, ஈரத் தூள். நழுவிய ஓட்டை முதல் மழையிலேயே மாற்றியிருந்தால் அரை நாள் வேலை. இப்போது தளத்துக்கு முட்டுக்கொடுத்து உத்தரத்தையே எடுத்து மாட்ட வேண்டும்.

ஏன் மாற்றவில்லை? அந்த வீடு இன்னமும் இறந்துபோனவர் ஒருவர் பெயரில் இருக்கிறது. வாரிசுகள் ஏழு பேர், அவர்களில் மூவர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பத்திரத்தில் சிக்கல் உள்ள வீட்டை நம்பி வங்கி கடன் தராது. குடியிருப்பவரைக் கேட்டால், “நான் செலவழித்துச் சரிசெய்தால் அடுத்த மாதமே வாடகையை ஏற்றுவார்கள்” என்கிறார். அதுவும் நியாயம்தானே!

பத்திரம் சுத்தமாக இருந்தாலும் கடன் கிடைக்காத இடங்கள் உண்டு. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்கான அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் பகுதிகளைத் தரம் பிரித்து நிறம் தீட்டியது; சிவப்பு என்றால் கடனுக்கு ஆபத்தான பகுதி. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. வங்கிகளின் கணக்கும் அப்படியேதான் இருந்தது. கடன் இல்லாததால் பழுதுபார்க்க முடியவில்லை. பழுதுபார்க்காததால் வீடுகள் இற்றுப்போயின. “பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே” என்று அதையே கடன் மறுக்கக் காரணமாகவும் காட்டினார்கள். 1968இல் பிட்ஸ்பர்க் நகரில் டோரதி ரிச்சர்ட்சன் என்ற பெண் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு உள்ளூர் வங்கிகளைக் கடன் கொடுக்க இணங்க வைத்தார். வங்கிகள் கடன் தராதவர்களுக்கு ஒரு சுழல்நிதி; ஒருவர் திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவருக்குக் கடனாகப் போகும். பத்தே ஆண்டுகளில் அந்த ஏற்பாடு நாடு முழுவதற்குமான நிறுவனமாக வளர்ந்தது. அவர் அங்கேயே குடியிருந்தவர் என்பதைக் கவனியுங்கள்.

பழையதைச் சரிசெய்வதைவிட இடித்துக் கட்டுவது மலிவு என்கிறது கட்டுரை. பல இடங்களில் கணக்கு அப்படித்தான் வரும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் போட்டது யார்? பிரிட்டனில் புதிதாக வீடு கட்டினால் மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். இருக்கிற வீட்டைப் பழுதுபார்த்தால், சில விலக்குகள் போக, 20 சதவீதம். தராசில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு எடை குறைகிறது என்று சொன்னால் எப்படி?

அதே நாட்டில்தான் லிவர்பூலின் கிரான்பி தெருக்களும் இருக்கின்றன. இடிக்கப்போகிறோம் என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுக்கணக்கில் பலகை அடித்து மூடிவைத்திருந்த வீடுகள். மிச்சமிருந்த சிலர் வாசலில் செடி வைத்தார்கள், அடைத்த சன்னல் பலகைகளில் படம் வரைந்தார்கள். பிறகு 2011இல், வீடுகளையும் நிலத்தையும் அப்பகுதி மக்களே பொதுவில் வைத்துக்கொள்ளும் சமூக நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கி, பத்து வீடுகளைக் கையில் எடுத்துச் சீரமைத்தார்கள். அவர்களோடு வேலை செய்த அசெம்பிள் என்ற குழுவுக்கு 2015இல் டர்னர் பரிசு கிடைத்தது. கலைக்குத் தருகிற பரிசு. கூரையையும் குழாயையும் மாற்றியதற்கும் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் எங்கள் கொத்தனார்களும் விண்ணப்பித்திருப்பார்கள்.

கட்டுரையாளர் மெச்சியிருக்கும் ‘ஒரு டாலர் வீடு’ பற்றியும் சொல்ல வேண்டும். 1970களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சி கைவிடப்பட்ட வீடுகளை ஒரு டாலருக்குக் கொடுத்தது. குறித்த காலத்துக்குள் சரிசெய்து அதிலேயே குடியிருக்க வேண்டும். வீடுகள் பிழைத்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஆகும் செலவில் மிகச் சிறியது அந்த ஒரு டாலர்தான். கூரை, மின்சாரம், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் புதிதாகப் போடக் கையில் பணமோ, கடனை அடைக்கும் வருமானமோ இருந்தவர்களே உள்ளே வர முடிந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் போன்றவர்களுக்கான திட்டம் அல்ல அது.

குடியிருப்பவரை வைத்துக்கொண்டே செய்ய முடியாதா? பெர்லினில் கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் 1980களில் செய்தார்கள். அதற்கு முன் அங்கேயும் இடிப்பதுதான் திட்டம். ஹார்ட்-வால்தர் ஹேமர் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில், குடியிருப்பவர்களைக் கேட்டே வேலையைத் திட்டமிடுவது, ஒரேயடியாகச் செய்யாமல் படிப்படியாகச் செய்வது என்று 12 நெறிகள் வகுத்தார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: பின்னாளில் அங்கேயும் வாடகை ஏறத்தான் செய்தது. வீடு சீரானதும் பழைய குடியிருப்பாளர்கள் போய் வசதியானவர்கள் வருகிற இந்த மாதிரி ஆள் மாறுவதற்கு 1964லேயே லண்டனைப் பார்த்து ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று சமூகவியலாளர் ரூத் கிளாஸ் பெயர் வைத்துவிட்டார். உத்தரத்தை மாற்றத்தான் எனக்குத் தெரியும், வாடகையைப் பிடித்து நிறுத்த சட்டம்தான் வேண்டும். இரண்டும் ஒரே திட்டத்தில் வராவிட்டால், நாங்கள் நன்றாக வேலை செய்யச் செய்ய அங்கே இருப்பவர்கள் சீக்கிரம் வெளியேறுவார்கள். இந்தத் தொழிலில் என்னை உறுத்துகிற விஷயம் இதுதான்.

ஆகவே, ஆள் இருக்கிற வீட்டுக்கு முதலில் பணம் போகட்டும். ஒழுகும் கூரைக்கும் அடைத்த தூம்புக்கும் சிறு கடன், வாரிசுச் சிக்கலைத் தீர்க்க இலவசச் சட்ட உதவி, பணம் வாங்கிய உரிமையாளர் இத்தனை ஆண்டுக்கு வாடகையை ஏற்றமாட்டேன் என்று எழுதித் தரும் ஒப்பந்தம். பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பிறகு பார்க்கலாம். முகப்பு வண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி.

வண்ணம் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ‘பின்பு’ படத்தில் சுவரின் அடிப்பகுதியை உற்றுப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு வழவழவென்று சிமென்ட் பூச்சு தெரிகிறது. அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் என்பது ‘முன்பு’ படத்திலேயே தெரிகிறது. அந்தச் சுவர் ஓதத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். மேலே சிமென்டைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே மேலேறும். இரண்டு மழைக்காலம் போகட்டும், அதே இடத்துக்குப் புகைப்படக்காரரை மறுபடி அனுப்புங்கள். பூந்தொட்டிக்கு மேலே உப்புப் பூத்து வண்ணம் உரிந்திருக்கும். சொன்னால் திருப்புளியோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய வீடுகளில் வேலை செய்யும் ஒரு வாசகன்